கப்பலேறிய டிராகுலாவும் நம் வீட்டுத் தாத்தாக்களும்: வாசகர் கேள்வி பதில்

பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கத்தக்க படங்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல, 2018ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹோட்டல் ட்ரான்ஸில்வேனியா 3: சம்மர் வெகேஷன்’ என்ற ஒரே அனிமேஷன் படத்தைப் பற்றியே அமைந்திருந்ததால், இம்முறை இப்பகுதியை முழுவதும் அதற்கே ஒதுக்கியுள்ளோம்.

ஒரு தாய், செந்தூல்: என் பிள்ளைகளுக்கு ஐந்து வயதும் ஒன்பது வயதும் ஆகின்றன. முதல் இரண்டு பாகங்களைப் பார்க்காமல் மூன்றாம் பாகத்தைப் பார்த்தால் கதை புரியுமா? இரவில் பயந்து எழுவார்களா?

கதை புரியும். இரத்தக் காட்டேரியான டிராகுலா தம் மனைவி மார்த்தாவை மனிதக் கும்பல் ஒன்றின் தாக்குதலில் இழந்தவர். கைக்குழந்தையாக இருந்த மகள் மேவிஸைக் காப்பதற்காக மனிதர் கண்ணில் படாத ஓர் ஹோட்டலைக் கட்டி, அதில் தம்மைப் போன்ற பூதங்களுக்கெல்லாம் இடம் கொடுத்தவர். 2012இல் வந்த முதல் படத்தில் ஜானி என்ற மனித இளைஞன் அங்கே வந்து சேர்ந்து மேவிஸின் மனத்தைக் கவர்கிறான். 2015இல் வந்த இரண்டாம் படத்தில் அவர்களுக்குப் பிறந்த டென்னிஸ், தாயைப் போல இருப்பானா தந்தையைப் போல இருப்பானா என்று தாத்தா தவியாய்த் தவிக்கிறார். இவ்வளவையும் படம் தொடங்குமுன் பிள்ளைகளிடம் கதையாகச் சொல்லிவிட்டால் போதும். மூன்றாம் படத்தில் இந்தக் குடும்பமே கப்பலேறி, கடலில் மூழ்கியதாகக் கதைகளில் வரும் அட்லாண்டிஸ் நகரத்துக்கு விடுமுறைப் பயணம் போகிறது.

பயத்தைப் பொறுத்தவரை, இப்படத்தில் இரத்தம் இல்லை. வேட்டைக் காட்சிகள்கூடச் சிரிப்புக்காகவே அமைக்கப்பட்டுள்ளன. இறுதிப் பகுதியில் கடலிலிருந்து எழும் கிராக்கன் என்ற பேருருவமும் அப்போது எழும் பேரிரைச்சலும் மட்டும் ஐந்து வயதுப் பிள்ளையை உங்கள் மடிக்கு வரவழைக்கக்கூடும். அதைவிட எனக்குச் சற்று உறுத்தலாக இருந்தது அட்லாண்டிஸ் நகரமே ஒரு சூதாட்டக் கூடமாகக் காட்டப்படுவதும், டிராகுலாவின் நண்பரான ஃபிராங்கன்ஸ்டைன் என்ற பூதம் அங்கே சூதில் மயங்கிக் கிடப்பது நகைச்சுவையாக்கப்படுவதும் ஆகும். ஒன்பது வயதுப் பிள்ளை அதைப் பற்றிக் கேட்டால், தட்டிக்கழிக்காமல் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள்.

உங்களுக்கென்றே ஒரு காட்சியும் இருக்கிறது. எண்ணற்ற குட்டிகளைப் பெற்றுத் தூக்கத்தையே மறந்துபோன ஓநாய்த் தம்பதியர், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலில் தனி இடம் இருக்கிறது என்று அறிந்தவுடன் அடையும் வியப்பைக் கண்டு நீங்கள்தான் வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகச் சிரிப்பீர்கள்.

ஒரு மகள், புக்கிட் மெர்தாஜாம், பினாங்கு: அம்மா காலமான பிறகு அப்பா எங்களுடன்தான் இருக்கிறார். இந்தப் படத்தில் தாத்தா ஒரு பெண்ணை விரும்புவதைப் பார்த்த என் மகன், “நம்ம தாத்தாவும் கல்யாணம் பண்ணிக்குவாராம்மா?” என்று அவர் எதிரிலேயே கேட்டுவிட்டான். அப்பா எழுந்து அறைக்குள் போய்விட்டார். பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இத்தகைய படத்தைப் போடுவது முறைதானா?

முறைதான், அம்மா. இன்னும் சொல்லப்போனால், பெரியவர்கள் இருக்கும் வீட்டில்தான் இந்தப் படத்தைப் போட வேண்டும் என்று எண்ணுகிறேன். இந்தப் பக்கத்திற்கு வந்த கடிதங்களில் உங்கள் கடிதத்தையே நான் பலமுறை படித்தேன்.

படம் எங்கிருந்து தொடங்குகிறது என்பதை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். ஹோட்டலில் பிறருடைய திருமணங்களை முன்னின்று நடத்தி வைக்கும் டிராகுலா, எல்லாரும் இணை இணையாக ஆடும்போது தனித்து நிற்கிறார். யாருக்கும் தெரியாமல் தம் கைப்பேசியில் துணை தேடும் செயலியைத் திறந்து, அதனிடமும் தோற்றுப் போகிறார். தந்தையின் முகம் வாடியிருப்பதைக் கவனிக்கும் மேவிஸ், அவருக்கு வேலைச்சுமை மிகுந்துவிட்டது, குடும்பத்தோடு செலவிட நேரமில்லை என்று முடிவு செய்து, அவரைக் கேட்காமலேயே எல்லாருக்குமாகக் கப்பல் பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிடுகிறாள். அவள் அன்பில் குறையே இல்லை. ஆனால் அவருடைய நோய் ஒன்று, அவள் கொடுக்கும் மருந்து வேறொன்று. படத்தின் நகைச்சுவை முழுவதும், என் பார்வையில் அதன் மதிப்பு முழுவதும், இந்தத் தவறான கணிப்பிலிருந்தே பிறக்கிறது.

நம் வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. துணையை இழந்த தந்தைக்கு நல்ல கட்டில் வாங்கித் தருகிறோம், மாதந்தவறாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறோம், தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்கோ பத்துமலைக்கோ கூட்டிப் போகிறோம், பேரப்பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு அழைத்து வரும் பொறுப்பையும் ஒப்படைத்து அவருக்கு நன்றாகப் பொழுது போகிறது என்று மனநிறைவு கொள்கிறோம். ஆனால் பகலெல்லாம் யாரோடு பேசினார், பேச ஆசைப்பட்டும் பேச ஆளில்லாமல் எதை விழுங்கினார் என்று கேட்பது அரிதாகவே இருக்கிறது. உங்கள் மகன் கேட்டது குழந்தைத்தனமான கேள்வியாக உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். படம் எந்தக் கேள்வியைக் கேட்கிறதோ, அதைத்தான் அவனும் கேட்டிருக்கிறான்.

இன்னொன்றையும் கவனித்தீர்களா? வாழ்வில் ஒரே ஒரு முறைதான் அந்தக் காதல் மின்னல் வெட்டும் என்பது முதல் படத்திலிருந்தே இந்தப் பூதங்கள் உறுதியாகப் பற்றி நிற்கும் நம்பிக்கை. ஆகவே கப்பல் தலைவி எரிக்காவைக் கண்டதும் டிராகுலாவுக்கு ஏற்படும் முதல் உணர்ச்சி மகிழ்ச்சியைவிடக் கூச்சமும் குற்றவுணர்வும்தான். வாய் குழறுகிறது, பொருளற்ற ஒலிகள் வருகின்றன, மகளின் கண்ணில் படாமல் ஒளிகிறார். மார்த்தாவை அவர் மறந்துவிட்டார் என்று படம் ஓரிடத்திலும் சொல்வதில்லை. முன்பு இருந்த அன்பு அப்படியே இருக்க, இன்னொன்றும் வரலாம் என்பதை அவரே தமக்கு ஒத்துக்கொள்வதற்குத்தான் அத்தனை கடல்தூரம் தேவைப்படுகிறது.

மேவிஸைப் படம் நடத்தும் விதமும் பாராட்டுக்குரியது. தந்தையின் பக்கத்தில் வேறொரு பெண்ணைக் கண்டு அவள் கலங்குகிறாள், எரிக்காவைச் சந்தேகிக்கிறாள். அந்தச் சந்தேகத்தில் நியாயமும் இருக்கிறது, ஏனெனில் எரிக்கா உண்மையிலேயே டிராகுலாவைக் கொல்லத் திட்டமிட்டிருப்பவள். மகளின் தயக்கத்தைப் பொறாமை என்று எளிதாக முத்திரை குத்திவிடாமல், அவளுக்கும் இது ஓர் இழப்புப் போலத்தான் தோன்றும் என்று ஏற்றுக்கொண்டு, பிறகே அவளை மெல்ல இளக வைக்கிறார்கள். கொள்ளுத்தாத்தா விளாட், டிராகுலா, மேவிஸ், டென்னிஸ் என நான்கு தலைமுறையினர் ஒரே கப்பலில் இருப்பதால், ஒருவரின் மனமாற்றம் மற்ற மூவரையும் தொடாமல் போவதில்லை.

குறையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. பிறந்தது முதல் பூதங்களை வெறுக்கக் கற்றுக்கொண்ட எரிக்காவின் மனம், அட்லாண்டிஸில் சில நிமிடங்களுக்குள் திரும்பிவிடுகிறது. அங்கே பொறிகள் நிறைந்த பாதையில் பாயும் அம்புகளையும் கோடரிகளையும் டிராகுலா தம் உடலில் தாங்கி அவளைக் காப்பது கண்ணுக்கு விருந்தே என்றாலும், வாழ்நாள் வெறுப்பு கரைவதற்கு இன்னும் இரண்டு நல்ல உரையாடல்களாவது வேண்டியிருந்தன. படத்தின் மிகப் பெரிய நழுவல் இதுவே.

உங்கள் தந்தையைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், பையனை மன்னிப்புக் கேட்க வைக்காதீர்கள். அப்படிச் செய்தால், அது பேசக்கூடாத ஒன்று என்பது அவருக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் உறுதியாகிவிடும். ஒரு மாலையில் பையன் இல்லாத நேரம் பார்த்து, “அன்னைக்கு அவன் கேட்டது உங்களுக்கு வருத்தமா இருந்துச்சாப்பா?” என்று நீங்களே கேளுங்கள். மறுமணத்தைப் பற்றி அவர் நினைத்திராமலும் இருக்கலாம். அவருக்குத் தேவைப்படுவது பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்கு வாரம் ஒருமுறை போய்வர வண்டி வசதியாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அவர் வாயால் கேட்டறிந்த பிறகே ஏற்பாடு செய்யுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பிரிக்ஃபீல்ட்ஸ்: படத்தின் தொடக்கக் காட்சி 1897ஆம் ஆண்டில் ஓடும் இரயிலில் நடப்பதாகக் காட்டுகிறார்கள். அந்த ஆண்டுக்கு ஏதேனும் காரணம் உண்டா?

உண்டு, ஐயா. அயர்லாந்து எழுத்தாளர் பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ நாவல் வெளிவந்த ஆண்டு 1897. டிராகுலாவைத் துரத்தும் ஆபிரகாம் வான் ஹெல்சிங்கும் அந்த நாவலில் வரும் டச்சு நாட்டு அறிஞர்தான். எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’ நாவலும் அதே ஆண்டில் நூலாக வெளிவந்தது என்பதால், படத்தில் மூக்குக்கண்ணாடி மட்டும் மிதந்து வரும், கண்ணுக்குத் தெரியாத மனிதனான கிரிஃபினுக்கும் அதுவே பிறந்த ஆண்டு. ஃபிராங்கன்ஸ்டைன் இவர்களுக்கெல்லாம் மூத்தவர். மேரி ஷெல்லியின் நாவல் 1818இல் வந்தது.

ஆண்டைவிடச் சுவையான ஒற்றுமை ஒன்று இருக்கிறது. நாவலில் டிராகுலா இங்கிலாந்துக்குப் போவதும் கப்பலில்தான். வார்னா துறைமுகத்திலிருந்து புறப்படும் ‘டிமீட்டர்’ என்ற கப்பலில் மாலுமிகள் ஒருவர்பின் ஒருவராகக் காணாமல் போக, இறுதியில் சுக்கானோடு தன்னைக் கட்டிக்கொண்ட நிலையில் இறந்துபோன தலைவனைச் சுமந்தபடி அது விட்பி கரையில் வந்து ஒதுங்கும். அங்கே பயணியால் கப்பல் தலைவனுக்கு ஆபத்து. இந்தப் படத்தில் கப்பல் தலைவியால் பயணிக்கு ஆபத்து. நாவலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கும் மாணவனுக்கு இந்தத் தலைகீழ் மாற்றத்தை நீங்கள் எடுத்துக்காட்டினால், ஒரு பழைய கதையை எவ்விதம் புதிதாகக் கட்டலாம் என்பதற்கு அதுவே பாடமாகிவிடும்.

வான் ஹெல்சிங்கின் நிலையையும் அவனுக்குக் காட்டுங்கள். டிராகுலாவை அழிக்கும் வரை சாகமாட்டேன் என்று இயந்திரங்களால் தம் உடலைத் தாங்கி நிறுத்தி, கப்பலின் அடித்தளத்தில் மறைந்திருக்கும் அந்த முதியவர், தம் பகையைக் கொள்ளுப்பேத்தி எரிக்காவுக்குச் சொத்தாக எழுதி வைத்திருக்கிறார். மேல்தளத்தில் ஒரு தாத்தா பேரனோடு விடுமுறையைக் கழிக்க, கீழ்த்தளத்தில் இன்னொரு மூத்தவர் தம் வம்சத்தின் கடைசிப் பெண்ணுக்கு விடுமுறை என்பதே இல்லாமல் செய்துவிட்டார்.

ஒரு வாசகர், ஆயர் ஈத்தாம், பினாங்கு: பேய்களையும் பூதங்களையும் அன்பானவர்களாகவும் வேடிக்கையானவர்களாகவும் காட்டுவது மேலைநாட்டுப் போக்கு. நம் பிள்ளைகளுக்கு இது தேவையா? நம் பண்பாட்டில் பேய் என்றால் அஞ்ச வேண்டியதல்லவா?

உங்கள் கவலையை மதிக்கிறேன். ஆயினும் உங்கள் முடிவோடு உடன்பட முடியவில்லை. பேயைப் பார்த்துச் சிரிக்கும் கலையை நாம் யாரிடமிருந்தும் கடன் வாங்கவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் புரட்டுங்கள். பசியால் வயிறு ஒட்டிய பேய்கள் காளியிடம் வந்து முறையிடுகின்றன. போர் முடிந்ததும் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, யானை விலா எலும்பால் நாக்கு வழித்து, குளித்து முழுகி, கூடிக் கூழ் சமைக்கின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் மறக்காமல் பங்கு வார்க்கின்றன. போர்க்களத்தில் நடக்கும் விருந்து என்பதால் அதில் கொடூரம் உண்டு. என்றாலும் அந்தப் பேய்களின் பேச்சும் நடப்பும் ஒரு பெரிய குடும்பம் திருமணப் பந்திக்கு முந்துவது போன்ற கலகலப்போடுதான் இருக்கின்றன.

சிரிப்பை விட்டு அன்பைப் பற்றிக் கேட்டால், காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபத்துமூன்று நாயன்மாருள் ஒருவரான அவர் பேயுருவத்தை வேண்டிப் பெற்று, தம் பாடலில் தம்மைக் ‘காரைக்கால் பேய்’ என்றே குறிப்பிட்டுக்கொண்டார். அந்த வடிவத்தைக் கண்டுதான் இறைவன் ‘அம்மையே’ என்று அழைத்ததாகப் பெரியபுராணம் பாடுகிறது.

நாம் வாழும் இம்மண்ணிலும் அப்படித்தான். பிள்ளைப்பேற்றில் இறந்த பெண்ணே பொந்தியானாக் என்ற பேயாகிறாள் என்ற மலாய் மக்களின் நம்பிக்கைக்கு அடியில் இருப்பது ஒரு தாயின் துயரம். அதை 1957இல் ‘பொந்தியானாக்’ என்ற பெயரிலேயே திரைக்குக் கொண்டுவந்து பெரும் வெற்றி கண்டவர், இந்தியாவிலிருந்து வந்து சிங்கப்பூரில் மலாய்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ். தோட்டத்து லயன் வீடுகளில் பாட்டிமார் சொன்ன பேய்க்கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தக் கதைகளில் பாதி சிரிக்க வைப்பதாகவே இருந்திருக்கும். வாய்ப்பு இருந்தால் படம் முடிந்ததும் அக்கதைகளில் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். டிராகுலாவைப் பார்த்த அதே ஆவலோடு கேட்பார்கள்.

அனிமேஷன் பயிலும் மாணவி, செராஸ்: இதே காலத்தில் வந்த மற்ற கணினி அனிமேஷன் படங்களைவிட இதன் அசைவுகள் வேறாகத் தெரிகின்றன. என்னால் அதை விளக்கிச் சொல்ல முடியவில்லை. எதனால் அப்படித் தோன்றுகிறது?

நல்ல கண் உங்களுக்கு. அந்த வேறுபாட்டுக்குக் காரணம் இயக்குநர் கெண்டி டார்டகாவ்ஸ்கி. 1970இல் மாஸ்கோவில் பிறந்து, ஏழு வயதில் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், ‘டெக்ஸ்டர்ஸ் லேபரட்டரி’, ‘சாமுராய் ஜாக்’ ஆகிய தொலைக்காட்சித் தொடர்களைக் கையால் வரையும் முறையில் உருவாக்கிப் புகழ்பெற்ற பிறகே கணினி அனிமேஷனுக்கு வந்தார். கணினி அனிமேஷன் தன் போக்கில் விடப்பட்டால் எல்லா அசைவையும் வழுக்கிக்கொண்டு போகும் ஒரே சீரானதாக ஆக்கிவிடும். அவரோ பழைய கார்ட்டூன்களின் வழியில், ஒரு நிலையில் பாத்திரத்தைச் சட்டென நிறுத்தி, பார்ப்பவர் அந்த உருவத்தைப் படித்து முடித்தவுடன் அடுத்த நிலைக்குத் தாவ வைக்கிறார். நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரையில், எங்கே அசையாமல் நிற்பது என்பதே எங்கே அசைவது என்பதற்கு நிகரான முடிவாகிறது.

கனடாவின் வான்கூவரிலுள்ள சோனி பிக்சர்ஸ் இமேஜ்வொர்க்ஸின் கலைஞர்கள் இப்படத்தை அசைவித்தபோது, இயக்குநரின் கைவரைவுகள் அவர்களுக்கு வழிகாட்டின. கணினியில் அமைந்த உருவத்தின் எலும்புக்கூடு எந்த அளவுக்கு வளையும் என்பதைப் பொருட்படுத்தாமல், தாம் வரைந்த வளைவு வரும் வரை உருவத்தை நீட்டவும் நசுக்கவும் அவர் கேட்டார். அதனால்தான் டிராகுலாவின் தோள் காதுவரை ஏறுகிறது, வாய் முகத்தைவிட அகலமாகிறது.

நீங்கள் மூன்று இடங்களை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். முதலாவது, குறும்புக் குட்டிப்பூதங்கள் நடத்தும் விமானத்தில் பயணம் செய்யும் காட்சி. நெரிசல் மிகுந்த ஒரு சட்டகத்தில் பார்வை எங்கே செல்ல வேண்டும் என்பதை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்று தெரியும். இரண்டாவது, எரிக்காவை முதன்முதலாகக் காணும் டிராகுலாவின் உடல். கண்டிப்பும் கம்பீரமுமாய் மிதந்து வந்தவர் ஒரு நொடியில் மூட்டு கழன்றவராகிவிடுகிறார். மூன்றாவது, முன் பதிலில் சொன்ன அட்லாண்டிஸ் பொறிப்பாதை. அது ஒரு நடனம்தான். பரதம் கற்றிருந்தால் அதன் தாளக்கட்டை நீங்கள் விரலால் எண்ணிவிடலாம். வசனம் இல்லாமலேயே அவர் அவள்மீது கொண்ட அன்பும், அவளுக்கு வரும் குழப்பமும் அதில் தெரிகின்றன. கதையில் நான் குறை சொன்ன அதே இடத்தில்தான் அசைவுக் கலை உச்சத்தைத் தொடுகிறது.

உங்களைப் போன்றவர்கள் இதைக் கற்பது இங்கே வீண்போகாது. 2007 முதல் ‘உப்பின் இப்பின்’ வழியாக நம் நாட்டுக் கம்பத்து வாழ்க்கை அனிமேஷனாகி அண்டை நாடுகளுக்கும் சென்றிருக்கிறது. தமிழ்ப் பாட்டியும் தோட்டத்துப் பேயும் அவ்வாறு அசைவதைக் காணும் ஆவல் எனக்கு மிகுதியாக உண்டு. முதலில் தாளில் வரையப் பழகுங்கள்.

ஒரு தந்தை, ஜார்ஜ்டவுன்: சுவெட்டன்ஹாம் படகுத்துறைக்கு வரும் பெரிய கப்பல்களைப் பார்க்கும்போதெல்லாம் என் மகள் “டிராகுலா கப்பல்” என்கிறாள். ஹோட்டலில் நடந்த கதையைக் கப்பலுக்கு மாற்றும் எண்ணம் எப்படி வந்தது?

இயக்குநரின் சொந்த அனுபவத்திலிருந்து. இரண்டு படங்களோடு இத்தொடரை விட்டுவிட எண்ணியிருந்த டார்டகாவ்ஸ்கி, மாமனார் மாமியார் குடும்பத்தோடு கப்பல் பயணம் ஒன்றை மேற்கொண்டபோது, எங்கும் தப்பிப் போக முடியாத ஓரிடத்தில் ஒரு குடும்பத்தை வைத்தால் என்ன நடக்கும் என்று சிந்தித்துத் திரும்பி வந்தார். மைக்கேல் மெக்கல்லர்ஸுடன் சேர்ந்து திரைக்கதையும் எழுதினார். ஹோட்டலில் டிராகுலா முதலாளி, கப்பலில் அவர் வெறும் விருந்தினர். அதிகாரத்தைப் பிடுங்கிக்கொண்ட பிறகுதான் அவருடைய தனிமை வெளியே தெரிகிறது.

கல்லூரி மாணவர், கெப்போங்: முடிவில் கிராக்கனைச் சண்டையால் வெல்லாமல் பாட்டுப் போட்டு அடக்குவது சப்பென்று இல்லையா?

ஓரளவு உண்மை. இசையால் பகை தீர்வது பல குடும்பப் படங்களில் பார்த்துப் பழகியதுதான். ஆனால் அந்த வேலையை ஜானிக்குக் கொடுத்தது சரியான முடிவு. மூன்று படங்களாக மாமனாரின் கண்ணில் அரைகுறை மருமகனாகவே இருந்தவன், யாருக்கும் பயன்படாது என்று எண்ணப்பட்ட தன் பாட்டுப்பெட்டியோடு வந்து, 1990களில் உலகமே ஆடிய மக்கரேனாவைப் போட்டுக் குடும்பத்தைக் காப்பாற்றுகிறான். அதன் பிறகு, விழப்போகும் வான் ஹெல்சிங்கை டிராகுலா கைகொடுத்துத் தூக்குகிறார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பாட்டு கிராக்கனை அடக்கியது. பகையை அடக்கியது அந்தக் கை.

ஒரு வாசகி, பட்டர்வொர்த்: இதற்குப் பிறகு வேறு பாகம் வந்ததா? பார்க்கலாமா?

வந்தது. ‘ட்ரான்ஸ்ஃபார்மேனியா’ என்ற நான்காம் பாகம் 2022 ஜனவரியில் அமேசான் பிரைம் வீடியோவில் வெளியானது. டெரிக் டிரைமனும் ஜெனிஃபர் க்ளுஸ்காவும் இயக்கினார்கள். டிராகுலாவுக்கு ஆடம் சாண்ட்லருக்குப் பதிலாக பிரையன் ஹல் குரல் கொடுத்தார். பூதங்கள் மனிதர்களாகவும் ஜானி பூதமாகவும் மாறும் கதை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். உலகெங்கும் 50 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் ஈட்டி, தொடரிலேயே மிகுந்த வசூல் கண்ட மூன்றாம் பாகத்தின் அசைவுநயம் அதில் குறைவு என்பது என் கருத்து. நான்கையும் பார்க்க நேரமில்லையென்றால் முதலாவதையும் மூன்றாவதையும் பாருங்கள். ஒன்றில் தந்தை மகளை விட்டுக்கொடுக்கக் கற்கிறார், மற்றதில் மகள் தந்தையை.